பாசப்பிணைப்பை ஆண்டுக்கணக்கில் அளப்பது: குமரி மாவட்டத்துப் புது ஆய்வாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிணைப்பு பற்றி ஆய்வு செய்யப் போகிறேன் என்று வருகிற முதுகலை மாணவர்கள் பலர் கையில் ஒரு கேள்வித்தாளோடுதான் வருகிறார்கள். இணையத்தில் எடுத்தது. கூட்டிப் பார்த்தால் இவர் பாதுகாப்பானவர், இவர் பதற்றக்காரர், இவர் ஒதுங்குபவர் என்று சொல்லிவிடும். அதை நாகர்கோவிலில் ஏதாவது ஒரு கல்லூரியில் இந்த ஜூனில் ஒரு தடவை, அடுத்த ஜூனில் ஒரு தடவை கொடுத்தால் யார் மாறினார்கள் என்று தெரிந்துவிடும் என்பது திட்டம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்படிச் செய்தால் மனசுக்குள் ஒன்றுமே மாறாத ஆட்களில் ஒரு பங்கு பேர் தாளில் மாறியவர்களாக வந்து நிற்பார்கள். அளவுகோலின் நடுக்கத்தையும் மனிதரின் மாற்றத்தையும் பிரித்துப் பார்ப்பதுதான் இந்த வேலையில் பாதிக்கும் மேல். அதை எப்படிச் செய்வது என்று உளவியல், சமூகப்பணி மாணவர்களுக்கும், தொண்டு அமைப்புகளில் குழந்தைகளோடு வேலை செய்பவர்களுக்கும் வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

கொஞ்சம் பின்னணி

ஜான் பௌல்பி என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் 1950களில் தொடங்கி எழுதியதன் சாரம் இது: பயமோ நோவோ வரும்போது குழந்தை ஒரு குறிப்பிட்ட ஆளைத் தேடி ஓடும், அந்த ஆள் கிடைப்பாரா, மாட்டாரா என்ற அனுபவம் ஒரு எதிர்பார்ப்பாக உள்ளே தங்கிவிடும். இதைத்தான் பிணைப்பு என்கிறோம். அதை முதலில் கண்ணால் பார்த்துப் பதிவு செய்தவர் மேரி ஏன்ஸ்வொர்த். 1950களில் உகாண்டாவில் வீடு வீடாகப் போய்ப் பார்த்தார், அப்புறம் அமெரிக்காவின் பால்டிமோரில். அவர் குழுவின் முழு விளக்கம் 1978இல் வந்தது. குழந்தைகளில் பாதுகாப்பான வகை ஒன்று, பாதுகாப்பற்ற வகைகள் இரண்டு. எதிலும் அடங்காத சிதறிய வகையை மேரி மெயினும் ஜூடித் சாலமனும் 1980களில் சேர்த்தார்கள்.

பெரியவர்களின் காதல், திருமண உறவுக்கு இதே கண்ணாடியைப் போட்டுப் பார்த்தவர்கள் ஹேசனும் ஷேவரும், 1987இல். செய்தித்தாளில் மூன்று சிறு பத்திகளை அச்சிட்டு, உங்களுக்குப் பொருந்துவது எது என்று வாசகர்களிடம் கேட்டார்கள். இன்று இணையத்தில் சுற்றுகிற "உங்கள் பிணைப்பு வகை என்ன" தேர்வுகள் எல்லாம் அந்த மூன்று பத்தியின் பேரப்பிள்ளைகள்தான்.

முதலில் உங்கள் கேள்வியைப் பிரியுங்கள்

"பிணைப்பு காலப்போக்கில் மாறுகிறதா?" என்ற ஒரே வாக்கியத்துக்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன.

முதல் கேள்வி வரிசை பற்றியது. இன்றைக்கு வகுப்பிலேயே அதிகப் பதற்றம் உள்ளவர் இரண்டு வருடம் கழித்தும் மற்றவர்களைவிட அதிகமாகத்தான் இருக்கிறாரா? இரண்டாவது சராசரி பற்றியது. எல்லாரும் சேர்ந்து மேலேயோ கீழேயோ நகர்ந்தார்களா? மூன்றாவது தனி ஆள் பற்றியது. இந்தப் பெண்ணிடம் மாற்றம் வந்ததா, வந்தால் எப்போது? வரிசை கொஞ்சமும் கலையாமல் சராசரி மட்டும் இறங்கலாம். சராசரி அப்படியே நிற்க, உள்ளே பாதிப்பேர் ஏறி பாதிப்பேர் இறங்கியிருக்கலாம். மூன்றில் எது உங்களுடையது என்று ஒரு வரியில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எத்தனை பேர் வேண்டும், எத்தனை சுற்று (எத்தனை தடவை அளப்பது) வேண்டும், என்ன கணக்குப் போட வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரு வரியில்தான் தொங்குகிறது.

முதுகலை ஆய்வேட்டுக்கு முதல் கேள்வியே போதும் என்பது என் கருத்து. மூன்றாவது ஆசை காட்டும். ஆனால் நிறையச் சுற்றுகள் கேட்கும்.

வயதுக்கு ஏற்ற கருவி

ஒரு வயது முதல் ஒன்றரை வயது வரை உள்ள குழந்தைக்கு ஏன்ஸ்வொர்த்தின் 'அந்நியச் சூழல்' என்ற முறை இருக்கிறது. எட்டுக் கட்டங்கள், மொத்தம் இருபது நிமிடம் போல. தாய் இரண்டு முறை அறையை விட்டு வெளியே போவார், இரண்டு முறை திரும்புவார். புதிதாகப் படிக்கிறவர்கள் குழந்தை எவ்வளவு அழுதது என்று எண்ணப் பார்ப்பார்கள். மதிப்பிட வேண்டியது பெரும்பாலும் தாய் திரும்பிய பிறகு நடப்பதை: ஓடி வந்து ஒட்டிக்கொண்டு சமாதானமாகிறதா, முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா, ஒட்டிக்கொண்டே அடித்து உதைக்கிறதா. இதை மதிப்பிடத் தனிப் பயிற்சி வேண்டும். பயிற்சி இல்லாமல் இதைத் தொடாதீர்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஜப்பானில் சப்போரோ நகரில் 1980களில் இதே முறையைச் செய்தபோது கடுமையாக அழுது ஆறாத குழந்தைகள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தார்கள். அந்தக் குழந்தைகள் தாயை விட்டு அநேகமாகப் பிரிந்ததே இல்லை என்பது பின்னால் பேசப்பட்டது. நம் ஊரில் இரண்டு விதமும் ஒரே தெருவில் இருக்கும். ஒரு வீட்டில் குழந்தை அம்மா இடுப்பை விட்டு இறங்கியிருக்காது. அடுத்த வீட்டில் அதே வயதுக் குழந்தை மயினி கையிலிருந்து பாட்டா கைக்கும், அங்கிருந்து பக்கத்து வீட்டு அக்கா கைக்கும் நாள் முழுக்க மாறிக்கொண்டே இருக்கும். மூன்று நிமிடப் பிரிவு இரண்டு பேருக்கும் ஒரே அளவு பயத்தைத் தராது.

ஒன்று முதல் ஐந்து வயது வரை வீட்டிலேயே செய்யக்கூடியது அட்டை அடுக்கும் முறை. வாட்டர்ஸும் டீனும் 1985இல் கொண்டு வந்தது. இப்போதைய வடிவில் 90 அட்டைகள், ஒவ்வொன்றிலும் குழந்தையின் ஒரு நடத்தை. வீட்டில் சில மணி நேரம் பார்த்துவிட்டு, இந்தக் குழந்தைக்கு மிகவும் பொருந்துவது முதல் கொஞ்சமும் பொருந்தாதது வரை ஒன்பது அடுக்காகப் பிரிக்க வேண்டும். பயிற்சி பெற்ற பார்வையாளர் அடுக்கினால் நம்பலாம். தாயே அடுக்கினால் அந்த அளவுக்கு நம்ப முடியாது என்று 2004இல் வந்த தொகுப்பாய்வு (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்ப்பது) காட்டியது. நேரமிருந்தால் அங்கன்வாடி வயதுக் குழந்தைகளுக்கு இதைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

பதின்வயதினருக்கு ஆர்ம்ஸ்டனும் கிரீன்பெர்க்கும் 1987இல் உருவாக்கிய பெற்றோர், நண்பர் பிணைப்புப் பட்டியல் இருக்கிறது. திருத்திய வடிவில் அம்மாவுக்கு 25, அப்பாவுக்கு 25, நண்பர்களுக்கு 25 கேள்விகள்.

பெரியவர்களுக்கு இரண்டு பாதைகள். ஒன்று, ஜார்ஜ், கப்லான், மெயின் மூவரும் 1980களில் அமைத்த நேர்காணல். அம்மாவோடு இருந்த உறவுக்கு ஐந்து சொற்கள் சொல்லுங்கள், அப்பாவுக்கு ஐந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நினைவு சொல்லுங்கள் என்று போகும். சொன்ன கதை எப்படிப்பட்டது என்பதைவிட, அதை எவ்வளவு கோவையாகச் சொன்னார் என்பதை வைத்து மதிப்பிடுவார்கள். இன்னொன்று, தானே நிரப்பும் கேள்வித்தாள். பிரென்னன், கிளார்க், ஷேவர் மூவரும் 1998இல் தந்த 36 கேள்வித் தாள் அதில் பிரபலம். அது இரண்டு மதிப்பெண்கள் தரும்: கைவிட்டுவிடுவார்களோ என்ற பதற்றம் ஒன்று, நெருங்கப் பிடிக்காத ஒதுங்கல் இன்னொன்று. இரண்டும் குறைவாக இருந்தால் பாதுகாப்பான பிணைப்பு. 12 கேள்விச் சுருக்கம் 2007இல் வந்தது.

இந்த இரண்டு பாதையும் ஒரே இடத்துக்குப் போகாது. நேர்காணலுக்கும் கேள்வித்தாளுக்கும் உள்ள ஒட்டுறவு (இரண்டு அளவும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்பது; 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுப் பொருத்தம்) சராசரியாக 0.09தான் என்று 2007இல் ராய்ஸ்மன் குழு கணக்கிட்டது, கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஆகவே முதல் சுற்றில் நேர்காணல், இரண்டாம் சுற்றில் நேரமில்லை என்று கேள்வித்தாள் என மாற்றினால் நீங்கள் அளந்தது மாற்றமே கிடையாது. எந்தக் கருவியில் தொடங்கினீர்களோ அதிலேயே முடியுங்கள். கேள்வி வரிசை, தாள், யார் கேட்கிறார் என்பதுவரை அதையே வைத்திருங்கள்.

பெட்டி வேண்டாம், மதிப்பெண் போதும்

ஆட்களை நான்கு வகைப் பெட்டிகளில் போடும் படம் பார்க்க அழகு. 1991இல் பார்த்தலமியூவும் ஹொரோவிட்ஸும் தந்த அந்த நான்கு வகைப் படத்தை வகுப்பில் பாடம் நடத்தப் பயன்படுத்தலாம். காலப்போக்கில் அளக்க அது உதவாது. காரணம் எளிது. 1 முதல் 7 வரை உள்ள அளவில் 4ஐ எல்லையாக வைத்தால், 3.9 எடுத்தவர் அடுத்த வருடம் 4.1 எடுத்ததும் பெட்டி மாறிவிடுவார். 1.5இலிருந்து 3.8க்கு ஏறியவர் பெட்டி மாறாமல் அதே இடத்தில் நிற்பார். எது பெரிய மாற்றம் என்று நீங்களே பாருங்கள். ஹேசன், ஷேவரின் மூன்று பத்தி முறையில் குறுகிய இடைவெளியிலேயே சுமார் 30 சதவீதம் பேர் வேறு பத்தியைத் தேர்ந்தார்கள் என்று 1995இல் பால்ட்வினும் ஃபேரும் காட்டினார்கள். பிணைப்பில் மனிதர்கள் வகை வகையாகப் பிரிவதில்லை, கூடக்குறைய அளவாகத்தான் பரவியிருக்கிறார்கள் என்று ஃப்ரேலியும் அவரோடு சேர்ந்தவர்களும் புள்ளியியல் வழியாகக் காட்டி இருபது வருடத்துக்கு மேலாகிறது.

யாரோடு உள்ள பிணைப்பு?

"உங்கள் நெருங்கிய உறவுகளில்" என்று பொதுவாகக் கேட்டால் ஆள் யாரை நினைத்துப் பதில் சொல்கிறார் என்று நமக்குத் தெரியாது. மார்த்தாண்டம் பக்கத்தில் வளைகுடாவில் வேலை செய்யும் அப்பா, குளச்சலில் கடலுக்குப் போகும் அப்பா, குலசேகரத்தில் விடியும் முன்னே ரப்பர் வெட்டப் போய்விடும் அம்மா, இவர்களின் பிள்ளைகளை வளர்த்தது பல வீடுகளில் பாட்டியோ சித்தியோதான். முதல் சுற்றில் பாட்டியை நினைத்துப் பதில் சொன்ன பெண், கல்யாணம் ஆன பிறகு இரண்டாம் சுற்றில் கணவரை நினைத்துப் பதில் சொல்வாள். தாளில் பெரிய மாற்றம் தெரியும். மாறியது ஆள்.

இதற்கென்றே ஃப்ரேலி குழு 2011இல் ஒன்பது கேள்விகள் கொண்ட சிறு வடிவத்தைத் தந்தது. அதே ஒன்பதையும் அம்மாவுக்கு, அப்பாவுக்கு, துணைக்கு, நண்பருக்கு என்று தனித்தனியாகக் கேட்கலாம். ஆறு கேள்விகள் ஒதுங்கலுக்கு, மூன்று பதற்றத்துக்கு. முதல் நான்கும் தலைகீழாகத் திருப்பி (7ஐ 1ஆக, 6ஐ 2ஆக) மதிப்பெண் போட வேண்டியவை; கணினியில் ஏற்றும்போது இதைத் திருப்ப மறந்தால் அப்புறம் வரும் எல்லாக் கணக்கும் குழம்பிப்போகும். நம் மாவட்டத்துக்கு நான் ஐந்தாவதாக ஒரு தாள் சேர்ப்பேன்: "உங்களை அதிகமாக வளர்த்தவர்". அவர் யார் என்று உறவுமுறையை முதலில் எழுத வைத்துவிட்டு, அப்புறம் ஒன்பது கேள்வி. அடுத்த சுற்றில் அதே உறவுமுறையைத் தாளில் முன்கூட்டியே அச்சிட்டுக் கொடுங்கள்.

கல்யாணமாகாத பிள்ளைகளிடம் துணை பற்றிய தாளை நீட்டும்போது எச்சரிக்கை. பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தால் உண்மையான பதில் வராது. சில வீடுகளில் அந்தத் தாளே பிரச்சினையாகிவிடும். துணை தாளை விருப்பத்துக்கு விடுங்கள், தனியே இருக்கும்போது மட்டும் கொடுங்கள்.

தமிழில் கேட்பது

மொழிபெயர்த்து, இன்னொருவர் திருப்பி மொழிபெயர்த்து, ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கமான முறை. அது போதாது. ஏழெட்டுப் பேரை உட்காரவைத்து ஒவ்வொரு கேள்வியையும் படிக்கச் சொல்லி, "இதைப் படிச்சதும் உங்க மனசுல என்ன வந்துது?" என்று கேளுங்கள். விளவங்கோடு பக்கம் இரண்டு பேர், தோவாளை பக்கம் இரண்டு பேர், கடற்கரையில் மூன்று பேர் என்று இருக்கட்டும். "என்னை விட்டுப் போய்விடுவாரோ" என்பது பிணைப்புப் பதற்றத்தை அளக்கும் வரி. 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் வந்து போன ஊரில், தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை மாதிரி இடங்களில், போவது என்றால் கடலுக்குப் போவது. திரும்பி வராமல் போவது என்றாலும் அது ஒன்றுதான். அந்த வரிக்கு அங்கே உயர்ந்த மதிப்பெண் வந்தால் அது பிணைப்பின் பதற்றமா, நடந்ததன் நினைவா? "என் மேல் அன்பு இல்லாமல் என்னை ஒதுக்கிவிடுவாரோ" என்று திருத்தினால் குழப்பம் குறையும். இதையெல்லாம் முதல் சுற்றுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். இரண்டாம் சுற்றில் ஒரு சொல்லைக்கூடத் தொடக் கூடாது, தப்பென்று தெரிந்தாலும்.

நாள் குறிப்பது

வெளியூர்ப் புத்தகங்களில் இதற்கு இரண்டு வரிதான் இருக்கும். குமரி மாவட்டத்தில் இதில்தான் ஆய்வு நிற்கும் அல்லது விழும்.

மீன்பிடித் தடைக்காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் போகக் கூடாது. நம் மாவட்டம் இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது. சின்னமுட்டம் கிழக்குக் கணக்கு. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கணக்கு. மே மாதம் நீங்கள் இரண்டு இடத்திலும் தாள் கொடுத்தால், சின்னமுட்டத்து விசைப்படகுத் தொழிலாளியின் பிள்ளை அப்பா வீட்டில் இருக்கும்போது பதில் சொல்கிறது, குளச்சல் பிள்ளை அப்பா கடலில் இருக்கும்போது. இரண்டு ஊருக்கும் இருக்கும் வித்தியாசத்தைப் பண்பாடு, சாதி, சமயம் என்று என்னென்னவோ எழுதிவிடத் தோன்றும். நாள்காட்டியை முதலில் பார்த்துவிடுங்கள்.

ஆக, எல்லாருக்கும் ஒரே தேதி என்பது நியாயமாகத் தெரிந்தாலும் நியாயம் இல்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் "அப்பா இருக்கும் காலம்", "இல்லாத காலம்" என்று குறித்துக்கொண்டு, அடுத்தடுத்த சுற்றுகளை அதே காலத்தில் வையுங்கள். ஆழ்கடல் தங்கலுக்குப் போகும் வீடுகளில் வாரக்கணக்கில் ஆள் இருக்க மாட்டார். அங்கே கடைசியாக எப்போது வந்தார், அடுத்து எப்போது போகிறார் என்ற இரண்டு கேள்விகளைத் தாளின் முதல் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். வளைகுடா வீடுகளுக்கும் அதே இரண்டு கேள்வி. லீவில் வந்த அப்பா திரும்பிப்போன மறுவாரம் அளந்தால் அந்தப் பிள்ளையின் வருத்தத்தை அளக்கிறீர்கள்.

மலையோரத்தில் வேறு கணக்கு. ரப்பர் இலை உதிரும் மாதங்களிலும் கடும் மழையிலும் பால் வெட்டு நிற்கும், ஆள் வீட்டில் இருப்பார், ஆனால் கையில் காசு இருக்காது. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் பொதுத்தேர்வு மாதம், மண்டைக்காட்டுக் கொடை, கோட்டாறு சவேரியார் திருவிழா, கிறிஸ்துமஸ் வாரம் ஆகியவற்றைத் தவிருங்கள். திருவிழா வீட்டில் யாரும் ஒழுங்காகத் தாள் நிரப்ப மாட்டார்கள், பாயாசம்தான் கிடைக்கும்.

எத்தனை சுற்று? குறைந்தது மூன்று. இதற்குக் காரணம் இருக்கிறது. பிணைப்பு காலப்போக்கில் எப்படிப் போகும் என்பதில் இரண்டு எண்ணங்கள் உண்டு. ஒன்று, ஒவ்வொரு அனுபவமும் பழையதை அழித்துக்கொண்டே போகும், அதனால் முதல் அளவோடு உள்ள ஒட்டுறவு வருடம் ஆக ஆகப் பூஜ்யத்தை நோக்கி இறங்கும். மற்றொன்று, அடியில் ஒரு நிலை இருக்கும், ஆள் அசைந்தாலும் அதைச் சுற்றித்தான் அசைவார், அதனால் ஒட்டுறவு கொஞ்சம் இறங்கி ஓரிடத்தில் நின்றுவிடும். ஃப்ரேலி 2002இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து இரண்டாவது எண்ணத்துக்கே ஆதரவு அதிகம் என்றார். 2013இல் பின்குவார்ட் குழு செய்த பெரிய தொகுப்பாய்வில் சராசரி ஒட்டுறவு 0.39, 15 வருடத்துக்கு மேற்பட்ட இடைவெளிகளில் நிலைப்பு தெரியவில்லை. இரண்டே சுற்று வைத்திருப்பவர் இந்த விவாதத்தில் வாய் திறக்க முடியாது, ஏனென்றால் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எந்தக் கோடும் நேர்கோடுதான்.

இவற்றோடு ஒரு குட்டிச் சுற்றும் வேண்டும். முதல் சுற்றில் நிரப்பியவர்களில் ஒரு பகுதியினருக்கு இரண்டு, மூன்று வாரத்தில் அதே தாளை மறுபடி கொடுங்கள். அவ்வளவு குறுகிய காலத்தில் பிணைப்பு மாறியிருக்காது. ஆக அதில் தெரியும் ஆட்டம் கருவியின் ஆட்டம். கீழே வரும் கணக்குக்கு இந்த எண்தான் ஆதாரம்.

ஆட்களைக் கைவிடாமல் இருப்பது

முதல் சுற்றில் எண்பது பேர், மூன்றாம் சுற்றில் நாற்பத்தைந்து பேர் என்று ஆவது சகஜம். போனவர்கள் சும்மா போவதில்லை. கல்யாணமாகித் திருவனந்தபுரம் போனவர், வேலைக்கு வெளிநாடு போனவர், வீட்டில் சண்டை நடப்பதால் பேச விரும்பாதவர். அதாவது பிணைப்பு மாற அதிக வாய்ப்புள்ளவர்கள்தான் முதலில் காணாமல் போகிறார்கள், மிச்சம் இருப்பவர்களை வைத்து "பிணைப்பு நிலையானது" என்று எழுதிவிடுவோம். ஒவ்வொருவருக்கும் மூன்று தொடர்பு எண்கள் வாங்குங்கள், அதில் ஒன்று ஊரை விட்டு நகராத ஒரு வயதானவருடையதாக இருக்கட்டும். எண் மாறிக்கொண்டே இருக்கும், பாட்டா மாற மாட்டார். சுற்றுகளுக்கு நடுவில் ஒரு பொங்கல் வாழ்த்தாவது அனுப்புங்கள்.

வாசலில் கட்டாயம் கேட்பார்கள்: "எதுக்கு மக்களே இதெல்லாம் கேக்கீங்க?" மழுப்பாமல் பதில் சொல்ல ஒரு நான்கு வரி முன்பே தயாராக வைத்திருங்கள். ஆய்வு எதற்கு, யார் பார்ப்பார்கள், பணம் கிடைக்காது, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். கடன் தருபவர்கள், வாக்காளர் பட்டியல் சரிபார்ப்பவர்கள் எல்லாம் அதே வாசலுக்கு வந்து போகிறார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

இடையில் என்ன நடந்தது?

ஒவ்வொரு சுற்றிலும் தாளோடு ஒரு நிகழ்வுப் பக்கம் சேருங்கள்: மரணம், பெரிய நோய், பிரிவு, கல்யாணம், குழந்தை, அப்பா வெளிநாடு போனது அல்லது திரும்பி வந்தது, வேலை போனது, வீடு மாறியது. ஆம், இல்லை, எந்த மாதம் என்று மட்டும் இருந்தால் போதும். 2000இல் வெளியான வாட்டர்ஸ் குழுவின் ஆய்வில் ஒரு வயதில் பார்த்த 60 குழந்தைகளில் 50 பேரை இருபது வருடம் கழித்துக் கண்டுபிடித்து நேர்காணல் செய்தார்கள். பாதுகாப்பானது, பாதுகாப்பற்றது என்ற இரண்டாகப் பார்த்தால் 72 சதவீதம் பேர் அப்படியே இருந்தார்கள். பெற்றோர் மரணம், விவாகரத்து, உயிருக்கு ஆபத்தான நோய் போன்ற கடும் நிகழ்வு நடந்தவர்களில் 44 சதவீதம் பேர் மாறியிருந்தார்கள். நடக்காதவர்களில் 22 சதவீதம். நிகழ்வுப் பக்கம் இல்லாமல் இருந்தால் 28 சதவீதம் மாறினார்கள் என்பதோடு கதை முடிந்திருக்கும்.

பெரியவர்களிடம் செய்த, 2021இல் வெளியான ஃப்ரேலி குழுவின் ஆய்வு இன்னும் நுட்பமானது. நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் திரும்பத் திரும்ப அளந்தார்கள். நிகழ்வுகளில் பாதியளவு உடனே மதிப்பெண்ணை அசைத்தன. ஆனால் சராசரியாகப் பார்த்தால் ஆட்கள் பழைய போக்குக்கே திரும்பினார்கள். நிகழ்வுக்குப் பிறகு ஒரே ஒரு சுற்று வைத்திருந்தால் அசைவு மட்டும் தெரியும், திரும்பியது தெரியாது.

கணக்கு

பயப்பட வேண்டாம், ஜமோவி, ஜாஸ்ப் போன்ற இலவச மென்பொருள்களே போதும். ஒவ்வொரு சுற்றிலும் உள்ளிசைவு, அதாவது ஒரு தாளின் கேள்விகள் எல்லாம் ஒரே விஷயத்தை அளக்கின்றனவா என்று பாருங்கள். அதைச் சொல்லும் க்ரான்பாக் ஆல்ஃபா என்ற எண் 0.70க்குக் கீழே போனால் அந்தத் தாளை நம்பி மேலே போகாதீர்கள். சுற்றுகளுக்கு இடையே ஒட்டுறவு பார்த்தால் முதல் கேள்விக்கு விடை. சராசரிகளை ஒப்பிட்டால் இரண்டாவதுக்கு விடை. ஆட்கள் இருநூறைத் தாண்டினால் எல்லாச் சுற்றிலும் கேள்விகள் ஒரே மாதிரி வேலை செய்கின்றனவா என்ற அளவீட்டுச் சமநிலைச் சோதனையும் செய்யுங்கள். அதற்கு ஆர் மென்பொருளில் லாவான் தொகுப்பு இருக்கிறது.

தனி ஆள் மாறினாரா என்பதற்கு ஜேக்கப்சன், ட்ரூவாக்ஸ் 1991இல் தந்த வழி எளிது. குட்டிச் சுற்றில் கிடைத்த மறு அளவு நம்பகத்தன்மை (இரண்டு தடவை நிரப்பிய மதிப்பெண்களின் ஒட்டுறவு) 0.85, திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்பது) 1.0 என்று வைத்துக்கொள்வோம். 1இலிருந்து 0.85ஐக் கழித்தால் 0.15. இரண்டால் பெருக்கினால் 0.30. வர்க்கமூலம் ஏறக்குறைய 0.55, அதைத் திட்டவிலக்கத்தால், அதாவது 1.0ஆல், பெருக்கினாலும் 0.55தான். இதை 1.96ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1.07. ஏழு புள்ளி அளவில் ஒருவர் 3.2இலிருந்து 3.9க்குப் போயிருந்தால் அவரை மாறியவர் என்று எழுதக் கூடாது, 4.3 எடுத்திருந்தால் எழுதலாம். அப்போதும் 80 பேரில் நான்கு பேர் வெறும் தற்செயலால் இந்தக் கோட்டைத் தாண்டுவார்கள். பதற்றத்துக்கு மூன்றே கேள்விகள் உள்ள தாளில் ஒரு கேள்விக்கு மட்டும் 2க்குப் பதில் 5 போட்டாலே சராசரி 1 ஏறிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொரு பொறி: முதல் சுற்றில் அதிகப் பதற்றம் காட்டிய பத்துப் பேரை மட்டும் பொறுக்கி, குழு ஆலோசனை கொடுத்து, மறுபடி அளந்தால் குறைந்திருக்கும். ஆலோசனை கொடுக்காமல் விட்டிருந்தாலும் கொஞ்சம் குறைந்திருக்கும். உச்சத்தில் இருந்து பொறுக்கிய எந்தக் குழுவும் அடுத்த அளவில் சராசரி பக்கம் சாயும். ஒப்பிட ஒரு குழு இல்லாமல் "எங்கள் பயிற்சி வேலை செய்தது" என்று அறிக்கை எழுதும் அமைப்புகள் நிறைய உண்டு.

ஒப்புதலும் ரகசியமும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். அதோடு 7 முதல் 12 வயது வரை பிள்ளையின் வாய்மொழி இசைவு, 12 முதல் 18 வரை எழுத்து இசைவு. ஒவ்வொரு சுற்றிலும் மறுபடி கேட்க வேண்டும். நடுவில் 18 ஆனவரிடம் அவருடைய சொந்த ஒப்புதலை வாங்குங்கள். பெயரும் எண்ணும் உள்ள பட்டியல் ஒரு இடத்தில், பதில்கள் வேறு இடத்தில், நடுவே குறியீட்டு எண் மட்டும்.

நேர்காணலில் குழந்தைமீதான பாலியல் வன்முறை தெரியவந்தால் போக்சோ சட்டப்படி புகார் தெரிவித்தே ஆக வேண்டும். "எல்லாமே ரகசியம்" என்று முதலில் சொல்லிவிட்டு அப்புறம் மீறக் கூடாது. இந்த விதிவிலக்கை ஒப்புதல் தாளிலேயே எழுதுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, டெலிமானஸ் மனநல உதவி எண் 14416 இரண்டையும் தாளின் அடியில் அச்சிட்டு எல்லாருக்கும் கொடுங்கள், தேவை இருப்பவர்களைப் பொறுக்கிக் கொடுக்காமல்.

முடிவு கேட்டு வருவார்கள். "என் பிள்ளைக்கு என்னா இருக்கு?" என்று அம்மா கேட்டால், தனிப்பட்ட மதிப்பெண்ணைச் சொல்லாதீர்கள். பாதுகாப்பற்ற பிணைப்பு நோய் கிடையாது. கடும் புறக்கணிப்பில் வளர்ந்த குழந்தைகளிடம் மருத்துவர்கள் கண்டறியும் பிணைப்புக் கோளாறு வேறு விஷயம். ஆய்வுக்காகச் செய்த அந்த ஒன்பது கேள்விக்கு ஒரு தாயைக் குற்றவாளியாக்கும் தகுதி கிடையாது. அதற்குப் பதில், கடைசிச் சுற்று முடிந்ததும் பள்ளியிலோ சமூகநலக்கூடத்திலோ ஒரு மாலைக் கூட்டம் போட்டு ஊரின் மொத்த முடிவைப் பெயர் இல்லாமல் சொல்லுங்கள். முப்பது பேருக்குக் குறைவான ஊராக இருந்தால் பக்கத்து ஊரோடு சேர்த்துச் சொல்லுங்கள், இல்லையென்றால் யார் யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். மேற்குக் கரையில் அந்தக் கூட்டத்தைத் தடைக்காலத்தில், ஜூலை 31க்குள் வைத்தால் அப்பாக்களும் வருவார்கள்.